இன்னும் வராத போனுக்காக அவளுடைய போனை வாங்கி வைத்த மகனுக்கு

மகன்,

இதை நீ பத்திரிகையில் பார்த்து வாசிக்கப் போவதில்லை. பத்திரிகை வாங்கும் பழக்கம் உனக்கு இல்லை. யாராவது ஒருவன் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, "மச்சான், இது ஒங்கட வாப்பா எழுதினது தானே?" என்று உனக்கு அனுப்புவான். நீ கடைக்குள் நின்றபடி, ஒருவருக்கு மீதிக்காசு கொடுத்துக்கொண்டே, எழுத்தை விரலால் பெரிதாக்கி வாசிப்பாய். அப்படி வாசிக்காதே. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசி. வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாமே, ஊருக்கு முன்னால் ஏன் என்று கேட்பாய். வீட்டில் வைத்தும் சொன்னேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே வேறு யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாய். உனக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறோம். நிக்காஹ்வுக்கு நாள் மட்டும் குறிக்கவில்லை. அந்த நாள் குறிக்கப்படுவதற்கு முன் இது அச்சில் வந்துவிட வேண்டும். கலியாணம் முடிக்கப் போகிற மகனுக்குத் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் நல்ல வார்த்தைகள் இருப்பது வழக்கம். இதில் அவை இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதே.

புத்தளம் நகரில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், நீ கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறாய். கடையைவிட உன் பேஸ்புக் பக்கம் பெரியது. இன்னும் சந்தைக்கு வராத போன்களைப் பற்றி அதில் தமிழில் எழுதுகிறாய். கற்பிட்டியிலிருந்து முந்தல் வரை அதை வாசிக்கிறார்கள். இந்த வருடம் முழுக்க ஒரே ஒரு போனைப் பற்றித்தான் எழுதினாய். குறைந்த விலைக்கு வரப்போகிற ஒரு ஸ்மார்ட் போன். கொம்பனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அந்தப் போனைப் பற்றி அந்தக் கொம்பனி இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நீயும் உன்னைப் போன்றவர்களும்தான். நீ எழுதிய எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தேன், வேறொரு நிருபர் அனுப்பிய செய்தியைத் திருத்துவதற்கு வாசிப்பதுபோல. எழுத்து நன்றாக இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். பற்றரி இரண்டு நாளைக்கு நிற்குமாம். ஈரக் கையால் தொட்டாலும் திரை வேலை செய்யுமாம். கீழே விழுந்தால் உடையாதாம். கமரா இரவைப் பகல்போல எடுக்குமாம். விலை முதலில் நாற்பதாயிரத்துக்குள் இருந்தது. பிறகு ஐம்பதைத் தாண்டாது என்று வந்தது. டொலர் ஏறிய வாரத்தில் அறுபதைத் தொடலாம் என்றாய். வருகிற நாளும் இப்படித்தான் நகர்ந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன்னர் என்றாய். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்றாய். இப்போது மாத முடிவில் என்கிறாய். எல்லாம் எதிர்பார்ப்பு. யாருடைய எதிர்பார்ப்பு என்பதற்கு எங்குமே ஒரு பெயர் இல்லை. அந்தச் செய்தி என் கைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எதிர்பார்ப்பை எனக்குத் தெரியும். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டு இந்தக் கரைக்கு வந்து, முகாமில் இருந்துகொண்டே நான் செய்தி எழுதத் தொடங்கினேன். அடுத்த மாதம் ஊர் திரும்பலாமாம் என்ற கதை முகாமுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். என் நானா, உன் பெரிய வாப்பா, அதை நம்பி ஓலைக் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட மாட்டேன் என்று நின்றார். காசு போட்டுப் போடுகிற தரையை விட்டுவிட்டுப் போக வேண்டி வருமே என்பது அவருடைய கவலை. ஒவ்வொரு மாரிக்கும் தண்ணீர் உள்ளே வந்தது. பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, "இன்னம் கொஞ்ச நாள் தானே" என்பார். அந்தப் பிள்ளைகள் அந்தக் கொட்டிலிலேயே வளர்ந்து, அங்கிருந்தே கலியாணம் முடித்துப் போனார்கள். ஆனால் அந்தக் கதையைப் பரப்பியவர்களும் அதே தண்ணீரில் நின்றவர்கள். நம்பித்தான் சொன்னார்கள். நீ நம்பிச் சொல்லவில்லை. கரையில் காய்ந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு சொல்கிறாய்.

உன் கடையில் நீ நடத்துகிற முறையை நான் இரண்டு பிற்பகல் உட்கார்ந்து பார்த்தேன். புதுப் போன் கேட்டு வருகிறவரிடம் முற்பணம் கேட்பதில்லை. கையிலிருக்கும் பழைய போனைக் கேட்கிறாய். "இத வெச்சிட்டுப் போங்க, புதுசு வந்தா மொத ஆள் நீங்க" என்கிறாய். அவர் வைத்துவிட்டால் வேறு கடைக்குப் போக முடியாது, அதுதான் கணக்கு. உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் வந்த ஒரு மீனவர் அன்று உன் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உப்புத் தண்ணி பட்டா என்ன ஆகும்?"

"ஒண்டும் ஆகாது நானா. உப்புத் தண்ணியும் தாங்குமாம். அப்பிடித்தான் கதைக்கிறாங்க."

"யாரு கதைக்கிற?"

"இன்டர்நெட்டுல, நானா."

"அவங்க கடலுக்குப் போற ஆக்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவரும் சிரித்துக்கொண்டே தன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, போனை உன்னிடம் தந்துவிட்டுப் போனார். அவருடைய பெயரை ஒரு டேப் துண்டில் எழுதி அதில் ஒட்டி மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டாய். அந்த லாச்சி பழைய போன்களால் நிறைந்து இறுக்கமாகத்தான் மூடுகிறது. கடலுக்குப் போகிறவர்கள், முந்தலில் இறால் பண்ணையில் இரவுக் காவலுக்கு நிற்பவர்கள், இப்போது கையில் ஒன்றுமில்லாமல் போகிறார்கள். இதைப் பற்றி நான் தனியாக எழுதுவேன். இன்று எழுதுவது அந்த லாச்சிக்குள் கிடந்த ஒரே ஒரு போனைப் பற்றி. அதில் டேப் ஒட்டியிருக்கவில்லை.

நம் பகுதியில் இப்போது பெண்ணுக்கு மோதிரம் போடுகிற அன்றே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போனும் போகிறது. சாரி, பவுடர், இனிப்பு எல்லாம் அடுக்கிய பெட்டியில் போன் மேலே இருக்கும். பெண்டுகள் முதலில் பார்ப்பது அதைத்தான். குறிஞ்சிப்பிட்டிக்கு, பெண் வீட்டுக்கு, நாங்கள் கொண்டுபோன பெட்டியில் போன் இல்லை. உன் உம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. நீ சபைக்கு முன்னால் எழும்பி, சாதாரணப் போன் ஒன்றைக் கொண்டுவர மனம் வரவில்லை, நல்லதொன்று வரப் போகிறது, அதற்காகத்தான் பொறுத்திருக்கிறேன் என்றாய். அதன் குணங்களையும் விலையையும் சொன்னாய். பெண்ணின் வாப்பா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினாய். "ஒங்கட பழசத் தாங்க. பற்றரி பழுதெண்டு ஒங்கட ராத்தா சொன்னாங்க. நான் திருத்தி வெக்கிறன். புதுசு வந்த ஒடனே இதுல உள்ள எல்லாத்தையும் அதுல ஏத்தித் தாறன்." அவள் உடனே தரவில்லை. "எத்தின நாளாகும்?" என்று கேட்டாள். "ரெண்டு கிழம" என்றாய். சிம்மைக் கழற்றப் போனாள். "அதுவும் இரிக்கட்டும், நம்பர மாத்திறத்துக்கு வேணும்" என்றாய். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் என்ன செய்வாள்? முந்தானையால் திரையைத் துடைத்துத் தந்தாள். மாப்பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று ஒரு மாமி சொன்னார்.

அது நடந்தது நோன்புக்கு முந்திய மாதத்தில். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. உன் உம்மா நாள் குறிக்கச் சொல்லும்போதெல்லாம், போன் வரட்டும், வெறுங்கையோடு எப்படிப் போவது என்றாய்.

அந்தப் பெண் அந்தப் போனில் என்ன செய்துவந்தாள் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். குறிஞ்சிப்பிட்டியில் மணல் காணிகளில் பெண்கள் பச்சை மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும் வைக்கிறார்கள். அங்கிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறிச் சாரதி ஒருவர், காலையில் சந்தை விலையைப் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாகப் பேசி அவளுக்கு அனுப்புவார். அவள் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, ஊரிலுள்ள பெண்கள் எல்லாருக்கும் குரலாக அனுப்புவாள். பிற்பகலில் தராசோடு வருகிற வியாபாரி அதற்குப் பிறகு வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது. அவள் இதற்கு யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. நீ நாளைக்கு வரப்போகிற விலையை ஊகித்து எழுதுகிறவன். அவள் இன்றைக்கு உள்ள விலையைக் கேட்டுச் சொல்கிறவள். உங்கள் இரண்டு பேரில் யார் என் தொழிலைச் செய்கிறார் என்று நான் யோசித்ததுண்டு.

போன வாரம் நீ அஸர் தொழுகைக்குப் போனபோது என்னைக் கடையில் இருக்கச் சொன்னாய். லாச்சிக்குள்ளிருந்து ஒரு போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடி அடித்தது. எடுத்தேன். மறுபக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல், நான் வாயைத் திறக்கும் முன்னரே தொடங்கிவிட்டது.

"அல்லாவே, எடுத்திட்டியா புள்ள! எங்க போய்த் தொலஞ்சாய் இவ்வளவு நாளா? பச்ச மொளகா இன்டைக்கி என்ன வெல? யாவாரி தராசத் தூக்கிட்டான், கெதியா வெலயச் செல்லு!"

"நான் அவட மாமா கதைக்கிறன். மாமாவா வரப் போறவன்."

"மாமாவா? அப்ப நீங்க செல்லுங்க வெலய."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாட்டி ஏன் போன எடுக்கிறீங்க?"

வைத்துவிட்டார். அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது நீ தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தாய். அதற்குப் பிறகு நாம் பேசியதை நான் மறக்கவில்லை. தொழில் பழக்கம், கேட்டதை வார்த்தை பிசகாமல் வைத்துக்கொள்வேன்.

"என்ன வாப்பா, லாச்சியெல்லாம் இழுக்கிறீங்க?"

"அடிச்சிச்சு, எடுத்தேன். இது பழுதெண்டு தானே சொன்னாய்?"

"பழுது தான். திருத்தினது."

"எப்ப?"

"ரிப்போட்டர் வேலயப் பேப்பரோட வெச்சிக்கங்க வாப்பா."

"எப்ப திருத்தின?"

"கொண்டு வந்த அண்டே."

"அப்ப ஏன் குடுக்கல்ல?"

"வேல செய்யிறதால தான் குடுக்கல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரைப் பேச வைக்க அதுதான் வழி என்று உனக்கு இன்னும் தெரியாது. நீ பேசினாய். "காலையில எழும்பினா மொத மெசேஜ் லொறிக்காரனுக்கு. 'சாச்சா, இன்டைக்கி என்ன?' அவனும் வொயிஸ் போடுறான். கலியாணம் முடிக்கப் போற பொம்புளக்கி இது தேவையா? ஒரு நாளக்கி எத்தின பேரோட கதைக்கிறா தெரியுமா? புதுசு வரட்டும். அதுல நான் செட் பண்ணிக் குடுப்பேன். எங்க போறா, யாரோட கதைக்கிறா, எல்லாம் என்ட போன்லயே விழும். ரவைக்கி நான் சொன்ன நேரத்துக்குத் தானா லொக் ஆகும். குறஞ்ச வெலைல அப்பிடி ஒண்டு இதுவரைக்கும் வரல்ல. பாதுகாப்புக்குத் தானே வாப்பா."

"அவவுக்குச் சொன்னியா?"

"சொன்னாப் பிறகு என்ன பாதுகாப்பு?"

ஒரு கஸ்டமர் வந்தார். நீ அவரிடம் கண்ணாடி ஒட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். நான் அவளுடைய போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். அன்றிரவு வீட்டில் பேசியபோதுதான் நீ தலையை ஆட்டினாய். பிறகு உன் பேஸ்புக் பக்கத்தை மீண்டும் பார்த்தேன். பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்ற போன் என்று ஒரு பதிவு. மேலே சொன்னதெல்லாம் அதில் சிறப்பம்சமாக இருந்தது. கீழே ஆண்கள் வரிசையாக வந்து, எப்போது வரும், என்ன விலை என்று கேட்டிருந்தார்கள். நீ ஒருவரையும் விடாமல் பதில் எழுதியிருந்தாய். அவளுடைய போனில் வந்து கிடந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் இல்லை.

கடை வைத்த பிறகு நீ மாறிவிட்டாய் என்று உன் உம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உனக்கு ஒன்பது வயதாக இருக்கும். இன்றைக்கு ஐஸ்பழக்காரன் சின்னப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிறானாம் என்று உன் தங்கச்சியிடம் சொன்னாய். அவள் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கேற்றடியில் போய் நின்றாள். பொழுது சாய்ந்து பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொல்லும் வரை நின்றாள். நீ ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அவள்மேல் உனக்கு அன்று கோபம் ஒன்றும் இல்லை. உம்மா காதைப் பிடித்துத் திருகி ஏன் என்று கேட்டபோது, "எவ்வளவு நேரம் நிப்பாண்டு பாத்தேன்" என்றாய். சிரிக்கக்கூட இல்லை. கோபத்தில் கொடுமை செய்கிறவனுக்குக் கோபம் ஆறும். உன்னுடையது ஆறுகிற வகை அல்ல.

கலியாணம் முடிக்கப் போகிறவனுக்குப் புத்தி சொல்வது தகப்பனின் கடமை என்பார்கள். ஒன்று சொல்கிறேன். என் சம்பளத்தில் இந்த வீடு ஓடியதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் உம்மா தைத்த உடுப்பில்தான் ஓடியது. சிலாபத்திலிருந்து துணி அனுப்புகிற ஒரு சிங்கள முதலாளியோடு அவள் கிழமைக்கு இரண்டு தடவை போனில் பேசுவாள். அவள் இந்த ஊரில் பிறந்தவள், சிங்களம் தண்ணீர்போல வரும். எனக்கு அப்போது ஒரு சொல்லும் தெரியாது. அவள் சிரிப்பாள், சண்டை பிடிப்பாள், விலை குறைப்பாள். நான் பக்கத்தில் இருந்து என் செய்தியை எழுதுவேன். என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நீ போட்ட பாடசாலைச் சப்பாத்து அந்தப் பேச்சிலிருந்து வந்தது. உன் மனைவி யாரோடு பேசுகிறாள் என்று தெரிய வேண்டுமென்றால் அவளிடம் கேள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அது கேட்கத் தகுந்த கேள்வி அல்ல. இதற்குமேல் என்னிடம் புத்தி இல்லை.

உன்னோடு வீட்டில் பேசியதற்கு மறுநாள் காலை கற்பிட்டி பஸ்ஸில் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். பெண் வீட்டுக்குப் போகும் முன், முந்திய நாள் போனில் பேசிய பெண்ணை விசாரித்துக் கண்டுபிடித்தேன். மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் நின்றார். "நேத்துப் போன எடுத்துப் போட்டு ஒண்டும் தெரியா எண்ட ஆள் நீங்க தானா?" என்று கேட்டார். ஓம் என்றேன். நோன்புக்கு முன்னர் இருந்து வியாபாரி சொன்னதே விலை என்றார். பக்கத்து ஊரில் வேறு விலைக்கு எடுக்கிறார்கள் என்று விற்ற பிறகுதான் தெரியவருமாம். "அந்தப் புள்ளக்கி மாப்பிள கிடைச்சிட்டு, இனி எங்கட மொளகா என்னத்துக்கு எண்டு நாங்க நெனச்சம்" என்றார். அவள் வீட்டைத் தாண்டிப் போகும்போது எத்தனை பெண்கள் அவளோடு பேசாமல் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார். நீ அதை யோசித்திருக்க மாட்டாய். அது உன் போனில் விழாது.

பெண்ணின் வாப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஈரக் காலோடு வந்து உட்கார்ந்தார். போனை மேசையில் வைத்தேன்.

"வாங்க நானா. ஆ, போன் திருத்தியாச்சா?"

"கொண்டு போன அண்டே திருத்தியாச்சு."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். போன் முதல் நாளே சரியாகிவிட்டது, என் மகன் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு உங்கள் மகளின் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான், வரப்போகிற போனையும் அதற்காகத்தான் பார்த்து வைத்திருக்கிறான் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். கோபத்துக்கு என்னைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

"அப்ப அந்தப் புதுப் போன்ல, எங்க போறாங்க வாறாங்க எண்டெல்லாம் நமக்குத் தெரியுமா?"

"தெரியுமாம்."

"அவங்களுக்குத் தெரியாமலா?"

"ஓம்."

"என்ன வெல வருமாம்?"

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "குறையோ சொல்றீங்க நானா? பொறுப்புள்ள பொடியன். சின்னவள் டியூசனுக்கு எண்டு கற்பிட்டிக்குப் போறாள். அவளுக்கும் ஒண்டு எடுத்து வெக்கச் செல்லுங்க." பிறகு மோட்டரை நிற்பாட்ட எழும்பிப் போனார்.

உன்னைக் காட்டிக்கொடுக்கப் போனவன், உனக்கு இன்னொரு போன் விற்றுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சாவுச் செய்தி கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் கேட்டதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவள் வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள்; ஒன்றையும் திறக்கவில்லை.

"மாமா, எல்லாத்தையும் வாசிச்சாரா?"

"ஓம் மகள்."

"வொயிஸெல்லாம் கேட்டாரா?"

"கேட்டிருக்கான்."

"அப்ப மொளகா வெலயெல்லாம் அவருக்குப் பாடமா இரிக்கும்" என்றாள். சிரித்தாள் என்று எழுதலாம். ஆனால் அது சிரிப்பு இல்லை. தோட்டத்தில் மோட்டர் நின்றது. அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வேகமாகப் பேசினாள். "நான் வேணாம் எண்டு சென்னா வாப்பா கேக்க மாட்டாரு. நல்ல எடம், கடைக்கார மாப்பிள, பொறுப்பாப் பாக்குறாரு எண்டு செல்லுவாரு. நிக்காஹ் பதியிற காவின்ல கையெழுத்து வெக்கிறதும் அவரு தானே, நான் இல்ல. நீங்க பேப்பர்ல எழுதுங்க."

"எழுதினா ஊரே வாசிக்குமே, மகள்."

"அதுக்குத் தான் செல்றன். என்ட வாயால சென்னா அது பொம்புளட கதை. தேத்தண்ணிக் கடைல யாராவது வாசிச்சுக் காட்டினா வாப்பா கேப்பாரு. என்ட பேரப் போடாதீங்க. ஊர்ப் பேரப் போடுங்க."

"நான் உன்ட மாப்பிளட வாப்பா. அத மறந்திட்டியா?"

"மறக்கல்ல மாமா. அதனால தான் நம்புவாங்க."

நான் ஓம் என்றேன். அப்போது இன்னொன்றும் சொன்னாள், மெதுவாக, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. உன்னைப் பற்றியும் இந்தக் கலியாணத்தைப் பற்றியும் அவள் எடுத்திருக்கும் முடிவு அது. "இத எழுதாதீங்க. இத நானே செல்லிக்கிறன்" என்றாள். நான் எழுதவில்லை.

ஆகவே நாள் குறிக்கும் பேச்சை உன் உம்மாவும் நானும் நிறுத்திவிட்டோம். பள்ளிவாசலில் சொல்லியாகிவிட்டது. நிக்காஹ் சபையில் உனக்குப் பக்கத்தில் உட்கார நான் வருவேனா என்று கேட்டு ஆள் அனுப்பாதே. இந்தக் கடிதம் அதற்குப் பதில். உன் பேஸ்புக் பக்கத்தில் ஆட்கள் எனக்கு எதிராக எழுதுவார்கள். எழுதட்டும், நீ ஒருவருக்கும் பதில் போடாமல் இரு. அவள் என்ன சொன்னாள் என்று நீ என்னிடம் கேட்பாய். உன் தங்கச்சியை விட்டும் கேட்பாய். சொல்ல மாட்டேன். உனக்கு அது தெரிய வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கடையைப் பூட்டிவிட்டு, தனியாகக் குறிஞ்சிப்பிட்டிக்குப் போ. அவளுடைய வாப்பாவோடு பேசாதே, அவர் உனக்குத் தேத்தண்ணி தருவார், குடிக்காதே. அவளைக் கூப்பிடச் சொல். அவள் வரச் சுணங்கினால் வாசலில் நில். வந்து பேசத் தொடங்கினால் குறுக்கே விலையும் பேசாதே, விளக்கமும் சொல்லாதே. உன் போன் அடித்தால் எடுக்காதே. அவள் முடித்துவிட்டு உள்ளே போகும்வரை நின்று கேட்டுவிட்டு வா.

வாப்பா